அறுநூற்று நாற்பது மீட்டர்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு வேலையும் செய்யாமல் எல்லாருடைய மரியாதையையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரே ஆள் மாப்பிள்ளை. எடை நூற்றுப் பதினைந்து கிலோ. உள்ளே ஈயத் தகடு, வெளியே கறுப்பு ரெக்சின், முகம் கிடையாது. தானாக ஏற மாட்டார், தானாக இறங்க மாட்டார். கூரையில் ஓடும் சங்கிலியில் கொக்கி மாட்டி, பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு, வண்டியில் உட்கார வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதே உபசாரத்தோடு தூக்கிக் கொண்டுபோய் மூலையில் வைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். யார் வைத்தது என்று தெரியாது. ஒன்பது வருடத்துக்கு முன்பு நான் சேர்ந்தபோதே அவர் மாப்பிள்ளைதான்.

நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டிப் போகும் மின்சார வண்டிகளைச் சோதிப்பது எங்கள் வேலை. நாலு சின்னச் சக்கரம், ஒரு இருக்கை, முன்னால் ஒரு ஹேண்டில். ஹேண்டிலில் கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு லீவர். அழுத்தினால் வண்டி போகும், விட்டால் நிற்கும். கைக்குழந்தைக்குக்கூடப் புரியும் என்று விளம்பரத்தில் போடுவார்கள். கைக்குழந்தை எதற்கு இதை வாங்கப் போகிறது என்று எனக்குப் புரிந்ததில்லை.

கடைக்குப் போவதற்கு முன்னால் எல்லா வண்டியும் எங்களிடம் வரும். மாப்பிள்ளையை ஏற்றிச் சரிவுப் பலகையில் சாய்த்துப் பார்ப்போம். மழை அறையில் நனைப்போம். நடைபாதை விளிம்பு ஏற்றுவோம். உருளை மேல் வைத்து இரண்டு லட்சம் தடவை குலுக்குவோம். நாற்பத்தாறு பக்கப் படிவம். எல்லாக் கட்டத்திலும் 'சரி' விழுந்தால் அனுமதிக் கடிதம். ஒரு கட்டத்தில் விழாவிட்டாலும் வண்டி வந்த வழியே திரும்பிப் போகும்.

எங்கள் தலைமைப் பரிசோதகரை அவர் இல்லாத இடத்தில் மில்லிமீட்டர் என்போம். இருக்கிற இடத்தில் சார். சோதனைக்கு வந்த வண்டி கூடத்துக்குள் எத்தனை மீட்டர் ஓடினாலும் அதற்குக் காரணம் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த விதி. வண்டியின் திரை காட்டுகிற தூரமும் பதிவேட்டில் எழுதிய தூரமும் சாயங்காலம் ஒத்துப்போக வேண்டும். ஒரு தடவை பன்னிரண்டு மீட்டர் இடித்தது. அது எப்படி வந்தது என்று தெரிகிறவரை ஒருவரையும் வீட்டுக்கு விடவில்லை. கடைசியில் பார்த்தால், தரை துடைக்கிறவர் தூக்க முடியாமல் வண்டியை ஓட்டி ஓரமாக நிறுத்தியிருக்கிறார். 'காரணம்: தரை துடைக்க' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கதவு திறந்தது.

இந்த வருடம் ஒரு வெள்ளை வண்டி வந்தது. அகலம் ஐம்பத்து நாலு சென்டிமீட்டர். அதற்கு முன் வந்த எதுவும் அறுபதுக்குக் குறைந்ததில்லை. அளவுகோலை வைத்த அன்றே நான் அக்காவுக்குப் போன் செய்தேன். அப்படிச் செய்யக் கூடாதுதான்.

அக்காவுக்கு இடுப்பு எலும்பு உடைந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. இரண்டு அறுவை சிகிச்சை. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் பத்தடி நடப்பாள், பதினோராவது அடியில் உட்கார இடம் தேடுவாள். அவள் இருப்பது மூன்றாம் மாடி. லிஃப்ட் வாசல் ஐம்பத்தேழு சென்டிமீட்டர். சந்தையில் இருக்கிற ஒரு வண்டியும் அதற்குள் நுழையாது. கட்டடம் கட்டினவனை அக்கா வாரத்துக்கு ஒரு தடவை பேர் சொல்லித் திட்டுவாள். பேர் லிஃப்டுக்குள்ளேயே பலகையில் எழுதியிருக்கிறது.

அவளுக்கு நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். உண்மையில் அங்கே நடப்பது படிவம் நிரப்புவது. இருபத்திரண்டு வருடமாக, எந்தக் கட்டத்தில் என்ன எழுதினால் மனு திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். வக்கீல்களே வந்து வெட்கப்படாமல் கேட்டுவிட்டுப் போவார்கள். அவள் விழுந்ததிலிருந்து அத்தான்தான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் குடிநீர் அலுவலகத்தில் வால்வு திருப்புகிறவர், நல்ல மனிதர். அவர் நிரப்பின மனுக்களில் பாதி, புறாவைப் போல, விட்ட இடத்துக்கே திரும்பி வந்தன. அவருடைய நீண்ட விடுப்பு, வண்டியின் சோதனை முடிய வேண்டிய அதே மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதற்குமேல் கொடுக்க மாட்டோம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஒன்றாம் தேதி அக்கா கடையில் உட்கார்ந்தால் கடை இருக்கும். இல்லையென்றால் கொடுத்துவிட வேண்டியதுதான். ஏற்கெனவே ஒருவர் டேப்போடு வந்து, பழரசக் கடைக்குப் போதுமா என்று சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

அவள் வீட்டு வாசலிலிருந்து கடை வாசல் வரை அறுநூற்று நாற்பது மீட்டர். கூடத்திலிருந்து அளவுச் சக்கரத்தை எடுத்துப்போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அளந்தேன். இருநூற்றுப் பத்தாவது மீட்டரில் ஒரு நடைபாதை விளிம்பு, நாலு சென்டிமீட்டர் உயரம். நானூறாவது மீட்டரில் தபால் நிலையத்தை ஒட்டி இடப்பக்கமாக ஒரு சரிவு, நாலு பாகை. இரண்டும் வெள்ளை வண்டிக்கு ஒரு பொருட்டே இல்லை. இதையெல்லாம் அக்காவிடம் சொன்னபோது அவள் ஒரு வரி விடாமல் எழுதி வைத்துக்கொண்டாள்.

உறவினர் ஒருவர் இந்த வண்டியை வாங்க உத்தேசித்திருக்கிறார் என்று அலுவலகத்துக்கு முறைப்படி எழுதிக் கொடுத்தேன். 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. எங்கள் அலுவலகத்தில் அதற்கு, மேற்கொண்டு யாரும் யோசிக்கப் போவதில்லை என்று பொருள்.

வண்டி நன்றாகச் செய்தது. சாய்த்தால் கவிழவில்லை. நனைத்தால் அணையவில்லை. லீவரை விட்டால் அறுபத்திரண்டு சென்டிமீட்டரில் நின்றது. மாதம் பிறந்து ஒன்பதாம் தேதி நாற்பத்தாறாம் பக்கத்தைத் தொட்டேன். மில்லிமீட்டரின் கையெழுத்து மட்டும் பாக்கி.

அன்று ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் வேலைக்கு வந்திருந்தேன். மத்தியானம் சாப்பிட அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்து அக்கா எழுந்தாள். அவள் எப்போதும் எழுவது போலத்தான்: மேஜை விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, உடம்பையே இழுத்துக்கொண்டு. மேஜை நகர்ந்தது, தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. பதினாலு மாதமாக நடப்பதுதான். துடைப்பதற்கென்றே ஒரு துணி நாற்காலி முதுகில் தொங்கும். நான் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

வண்டியில் அவளுக்கு முன்னால் மேஜை இருக்காது. ஹேண்டில்தான் இருக்கும்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் கூடத்துக்குப் போய், வெள்ளை வண்டியில் உட்கார்ந்து, சாவியைத் திருகி, ஹேண்டிலை அக்கா மாதிரியே பிடித்து, அக்கா மாதிரியே என்னை இழுத்துக்கொண்டு எழுந்தேன். கட்டைவிரல் தானாக லீவர் மேல் ஏறியது. வண்டி பாய்ந்தது. பயத்தில் கை இறுகியது. கை இறுகினால் லீவர் அழுந்தும், லீவர் அழுந்தினால் வண்டி இன்னும் வேகமாகப் போகும். நான் மாப்பிள்ளையின் காலடியில் போய் விழுந்தேன். எழுந்து அளந்து பார்த்தேன். ஒரு மீட்டர் எண்பது.

ஒன்பது வருடம். நாற்பத்து மூன்று வண்டி. இது எப்படி எங்கள் கண்ணில் படவில்லை என்று அங்கேயே தரையில் உட்கார்ந்து யோசித்தேன். பதில் வாசலுக்கு மேலே ஒட்டியிருந்தது: 'சாவியை அணைத்த பின்பே வண்டியிலிருந்து இறங்கவும்.' நாங்கள் எல்லாரும் ஒழுங்கானவர்கள். ஒருவர்கூட ஒரு தடவைகூட அதை மீறியதில்லை. மாப்பிள்ளையோ இறங்குவதே இல்லை, அவரைத் தூக்குகிறோம். நாற்பத்தாறு பக்கத்தையும் மறுபடி புரட்டினேன். ஏறுவது இருந்தது, ஓடுவது இருந்தது, நிற்பது இருந்தது. இறங்குவது ஒரு வரிகூட இல்லை. இத்தனை காலமும் எங்கள் கூடத்தில் வண்டியில் ஏறின யாரும், கணக்குப்படி, இன்னும் இறங்கவில்லை.

இதை நான் உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் சொல்லவில்லை. பதிவேட்டில் அந்த ஒரு மீட்டர் எண்பதுக்கு 'இடம் மாற்ற' என்று காரணம் எழுதினேன். அது பொய் என்றும் சொல்ல முடியாது. வண்டி இடம் மாறத்தான் செய்தது. படிவத்தில் கட்டம் இல்லாததைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை, வெள்ளிக்கிழமை கடிதம் போய்விடும், ஒன்றாம் தேதி அக்கா கடையில் இருப்பாள், அவளிடம் மட்டும் சாவியைப் பற்றித் தனியாகச் சொல்லிவிடலாம். எல்லாம் சரியாகத்தான் பட்டது. ஆனால் வண்டியை வாங்கப் போகிற மற்ற எல்லார் வீட்டுக்கும் போய் நான் தனியாகச் சொல்ல முடியாது. புதன்கிழமை காலை மில்லிமீட்டரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என் மேல் எரிச்சலாக இருந்தது.

எந்த விதியின் கீழ் வருகிறது என்று மட்டும் கேட்டார். எந்த விதியின் கீழும் வரவில்லை என்றேன். தானே போய் வண்டியில் உட்கார்ந்து, சாவி போட்டு, எழுந்தார். கையை எங்கும் ஊன்றாமல் நேராக எழுந்து நின்றார். அவருக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. ஐந்து தடவை எழுந்தார். ஐந்து தடவையும் வண்டி அசையவில்லை.

கம்பெனிக்காரர் அன்று மத்தியானமே வந்தார். கோடு போட்ட சட்டை, அமைதியான ஆள், குரலை உயர்த்தாதவர். கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தார். சாவியை அணைத்துவிட்டு இறங்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. அதற்குமேல் ஒரு கம்பெனி என்ன செய்ய முடியும் என்று கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது, அதுதான் கஷ்டம்.

மில்லிமீட்டர் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தார். ஒன்பதாம் விதியின் அடியில் ஒரு வரி அகப்பட்டது: ஐயம் எழுந்தால் உண்மையான பயனாளர் ஒருவரைக் கொண்டு சரிபார்க்கலாம். அதுவரை யாருக்கும் ஐயம் எழுந்ததில்லை. பயனாளர் பட்டியல் என்று ஒன்று கோப்பில் இருந்தது. அதில் மூன்று பேர். ஒருவர் காலமாகிவிட்டார், ஒருவர் ஊர் மாறிவிட்டார், மூன்றாமவர் போனை எடுத்து, இது ஏதோ ஏமாற்று வேலை என்று வைத்துவிட்டார். மில்லிமீட்டர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க அக்கா வருவாங்களா?"

அது முறையில்லை என்றேன். அவள் அந்த வண்டியை வாங்கக் காத்திருக்கிறவள்.

"தெரியும். குறிச்சு வெச்சிருக்கோம். வண்டி வேண்டாம்னு சொல்றது நீங்க, வேணும்ங்கறது அவங்க. ரெண்டும் சரிக்குச் சரி."

இறங்கும்போது அக்கா விழுந்தால் அனுமதி இல்லை, விழாவிட்டால் அன்றைக்கே கடிதம் என்று முடிவாயிற்று. கம்பெனிக்காரர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். எதைப் பார்க்கப் போகிறோம் என்று அக்காவுக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று என்னிடம் எழுதி வாங்கினார்கள். சோதனையின்போது நான் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.

அக்காவுக்குக் கடிதம் போனது. 'ஏறுதல், ஓட்டுதல், இறங்குதல் ஆகியவை கவனிக்கப்படும்.' நான் சாயங்காலம் போனபோது அவள் கடிதத்தை மடியில் வைத்திருந்தாள். இருபத்திரண்டு வருடம் படிவம் படித்தவளிடம் எதை மறைக்க முடியும்?

"ஏறுறதும் ஓட்டுறதும் சும்மா போட்டிருக்காங்க. இறங்குறதுல ஏதோ இருக்கு," என்றாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் மூஞ்சியே சொல்லுது."

அடுத்த தடவை நான் போனபோது மேஜையில் ஒரு பிஸ்கட் டப்பா கவிழ்த்து வைத்திருந்தது. மூடியில் ஓட்டை போட்டு அலமாரிச் சாவியைச் செருகியிருந்தார்கள். அத்தான் எங்கிருந்தோ முப்பத்தோராம் பக்கத்தைப் பிரதி எடுத்து வந்திருந்தார். அவர் "நில்" என்பார். அக்கா சாவியைத் திருகி எடுப்பாள், பிறகு மேஜையைப் பிடித்து எழுவாள். இரண்டு நாளில் எழுபது தடவை செய்தாளாம். அத்தான் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தார். நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவள் மறந்துவிடக் கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். கண்டுபிடித்தவள் நான். என் கண்டுபிடிப்பு தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவளும் நான்.

பத்தொன்பதாம் தேதி வாடகை வேனில் அக்காவை அழைத்து வந்தார்கள். மருத்துவமனை அல்லாத ஓர் இடத்துக்குப் பதினாலு மாதத்தில் அவள் வந்தது அன்றுதான். கடைக்குப் போகும்போது கட்டுகிற புடவை, கைப்பையில் கடைப் பேனா. மூலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்து யாரென்று கேட்டாள். சொன்னேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அத்தானைவிட நல்ல உடம்பு என்றாள்.

மாப்பிள்ளையைத் தூக்குகிற, வண்டி போகிற பக்கமெல்லாம் கூரையில் கூடவே ஓடிவரும் சங்கிலியில் அவளுக்கு ஒரு பாதுகாப்புப் பட்டை கட்டினார்கள். தரையில் மெத்தை விரித்தார்கள். மில்லிமீட்டர் நிறுத்தற்கோட்டைக் காட்டி, மூன்று சுற்று ஓட்டிவிட்டு அங்கே நிறுத்தி, வீட்டில் எழுவது போல எழுந்து இறங்கச் சொன்னார்.

முதல் சுற்று மெதுவாகப் போனாள். இரண்டாவது சுற்றில் கூம்புகளுக்கு நடுவே வளைத்து ஓட்டினாள். மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில் நிற்கவில்லை. யாரும் அவளை நிறுத்தவில்லை. பொய் சொல்ல மாட்டேன், என் அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று. ஆறாவது சுற்றில் கோட்டுக்கு வந்து, லீவரை விட்டாள். முன்சக்கரம் கோட்டின் மேல் அச்சாக நின்றது. என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா, கடை வாசல்ல இப்படித்தான் நிறுத்துவேன்," என்று சொல்லிக்கொண்டே, இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து எழுந்தாள்.

வண்டி அவளை விட்டுவிட்டுப் பாய்ந்தது. பட்டை இழுத்துப் பிடித்ததால் அவள் தரையில் படவில்லை. மெத்தைக்கு ஒரு முழம் மேலே, கால்கள் மடங்கி, சங்கிலியில் தொங்கினாள். வண்டி போய்ச் சுவர் மெத்தையில் முட்டி நின்றது. சங்கிலி ஆடி நின்ற பிறகு அக்காதான் முதலில் வாய் திறந்தாள்.

"சாவி," என்றாள்.

நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அடி எதுவும் இல்லை. மில்லிமீட்டர் அளந்து எழுதினார். இரண்டு மீட்டர் பத்து. பயனாளர் அறிக்கை என்று ஒரு தாள் உண்டு, அவளே எழுதிக் கையெழுத்திட வேண்டும். கம்பெனிக்காரர் பக்கத்தில் போய்க் குனிந்து, சாவியை அணைக்க மறந்தது பற்றி ஒரு வார்த்தை சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று மரியாதையாகவே கேட்டார். அக்கா தலையசைத்தாள். கைப்பையிலிருந்து கடைப் பேனாவை எடுத்தாள். எழுதி முடித்ததும் அவரிடமே நீட்டினாள்.

'சாவியை அணைத்துவிட்டு இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள், எழுபது தடவை பழகினேன். வண்டி ஓட்டிய சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். வாங்குகிறவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள்.'

அவர் இரண்டு தடவை படித்தார். முப்பத்தோராம் பக்கத்தை மூடிக் கைப்பெட்டிக்குள் வைத்தார். இருக்கையிலிருந்து ஆள் எழுந்ததும் மின்சாரம் தானாக அறுந்துபோக ஒரு சுவிட்ச் வைத்துவிடலாம், பெரிய வேலை இல்லை என்றார். மறுபடி எல்லாச் சோதனையும் முடிந்து வர எத்தனை நாள் ஆகும் என்று அக்கா கேட்டாள். நாலு மாதம் என்றார். முப்பதாம் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. அக்கா போனை எடுத்து அத்தானைக் கூப்பிட்டாள்.

"அந்த டேப்காரர வரச் சொல்லிடுங்க," என்றாள். அந்தப் பக்கம் அத்தான் ஏதோ கேட்டார். "இல்ல, அடியெல்லாம் படல," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீதானே கண்டுபிடிச்ச?"

"ஆமா."

"எப்போ?"

"அன்னிக்கு உன் வீட்ல. தண்ணி கொட்டினப்போ."

"என்னைப் பாத்து என் கடைய மூடிட்ட," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று அழுதேன். விதிப்படி அந்த இடத்தில் நான் நிற்கலாம்.

மணி மூன்றேகால். வேன் நாலு மணிக்குத்தான் வரும். கம்பெனிக்காரர் போய்விட்டார். அக்கா சுவரோரம் நின்ற வெள்ளை வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேன் வர்ற வரைக்கும் அதுல உட்காந்துக்கட்டுமா?"

நான் மில்லிமீட்டரைப் பார்த்தேன். சோதனை முடிந்து தோற்றுப்போன வண்டி, இனி அது வெறும் சாமான்தான், சாமான் மேல் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றார். சொல்லிவிட்டு, தானே போய்த் தாங்கியை எடுத்து வந்து வண்டிக்கு அடியில் கொடுத்து, பின்சக்கரம் இரண்டும் தரையிலிருந்து நாலு விரல் எழும்பும்படி தூக்கி நிறுத்தினார். அப்புறம் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்காவை உட்கார வைத்தேன். சாவி கேட்டாள். சக்கரம் அந்தரத்தில் இருக்கிறதே என்று கொடுத்தேன். முதலில் ஹாரன் அடித்துப் பார்த்தாள். பிறகு லீவரை அழுத்தினாள். பின்சக்கரங்கள் வெறும் காற்றில் சுழன்றன. வண்டி நின்ற இடத்தில் நின்றது. திரையில் மட்டும் மீட்டர் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தை மாதிரி விளையாடுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தாள். கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓடியது. திடீரென்று லீவரைத் தளர்த்தினாள். சக்கரம் மெதுவாயிற்று. முதுகை லேசாக முன்னுக்குக் கொடுத்தாள், பிறகு மறுபடி அழுத்தினாள். நான் திரையைப் பார்த்தேன். ஏறியது இருநூற்றுப் பத்து.

அதற்கப்புறம் நான் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கோ தலையசைத்தாள். யாரையோ பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது தபால் நிலையத்துக்காரராக இருக்கும், அவரோடு அவளுக்குப் பழைய சண்டை. அந்த இடத்தில் உடம்பை வலப்பக்கமாகச் சாய்த்துச் சரிவைச் சமாளித்தாள். பின்சக்கரத்தின் சத்தத்தைத் தவிர கூடத்தில் வேறு சத்தம் இல்லை. கடைசியில் கட்டைவிரலை எடுத்தாள்.

"கடை வந்துடுச்சு," என்றாள்.

திரையில் சரியாக அறுநூற்று நாற்பது ஏறியிருந்தது. அக்கா சாவியைத் திருகி அணைத்து, உருவி என் கையில் கொடுத்தாள். பிறகு ஹேண்டிலைப் பிடித்து எழுந்தாள். வண்டி அசையவில்லை.

வேன் வந்து அவள் போய்விட்டாள். ஐந்து மணிக்கு மில்லிமீட்டர் பதிவேட்டோடு வந்து திரையைப் பார்த்தார். ஆறு சுற்று, முட்டி நின்ற இரண்டு மீட்டர் பத்து, எல்லாம் போக அறுநூற்று நாற்பது இடித்தது. காரணக் கட்டம் காலியாக இருக்கிறதே என்றார். பேனாவை வாங்கி எழுதினேன்.

'காரணம்: கடைக்கு.'

படித்தார். எண்ணை மறுபடி ஒரு தடவை சரிபார்த்தார். கீழே கையெழுத்துப் போட்டார்.